கடை நம்பருக்கு வந்த அழைப்பு

சங்கரி, சாப்பிட்டு முடித்த பிறகு இதைப் படி. வெறும் வயிற்றோடு படிக்கிற விஷயம் இல்லை. பில் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் நான் நாலு வரிக்கு மேல் எழுதியவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நேரில் சொல்லிவிடத்தான் பார்த்தேன். நீ ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கி, ஷூவைக் கழற்றிக்கொண்டே, "கண்ணு எப்படிப்பா இருக்கு, டிராப்ஸ் போட்டியா?" என்று கேட்கும்போது எனக்கு வாய் எழவில்லை. எண்ணெய்க் கிணறு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிற அந்த மும்பை கம்பெனிக்கு நீ திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். வேண்டாம் என்று எழுதப்போகிறாய். அதை எழுதுவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று ஐந்து வருஷமாக என்னிடம் இருக்கிறது.

கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பகல் பொழுது எனக்குப் புதிதாக இருக்கிறது. முப்பது வருஷமாகப் பகலில் படுத்தவன் இல்லை. இப்போது கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் கிடக்கிறேன். மின்விசிறியின் சத்தமும் தாம்பரம் ரயில்வே யார்டில் வண்டி மாறுகிற சத்தமும் ஒன்றாகிக் கலந்து, நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாத ஒரு நேரம் வருகிறது. அப்போது கட்டில் மெல்லக் கீழே இறங்குகிறது. முதலில் தரை, அதற்குக் கீழே நாம் கொட்டி மேடாக்கிய கிராவல், அதற்கும் கீழே முடிச்சூரின் பழைய ஏரி மண், பிறகு களிமண், பிறகு உடைந்த பாறை. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த அடுக்குதான். அந்த அடுக்குகளில் போர்வெல் போடப் பைப் விற்றுத்தானே இந்த வீட்டைக் கட்டினேன். ஆனால் அந்த அரைத்தூக்கத்தில் கட்டில் பாறையோடு நிற்பதில்லை, அதையும் தாண்டி இறங்குகிறது. அங்கே இருட்டாக இல்லை. பச்சையும் நீலமுமாக அசையாத ஒரு கடல் இருக்கிறது. அதன் கரையில் நீ மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் சின்ன லென்ஸோடு குந்தியிருக்கிறாய். "பாத்து வாப்பா, இது ரொம்பப் பழசு" என்கிறாய். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன்.

போன வியாழக்கிழமை, நீ லீவு போட்டு வீட்டில் இருந்த அன்று, அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் சமையலறையிலிருந்து உன் குரல் வந்தது. நீயும் அம்மாவும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துத்தான் பேசினாய். "அன்னைக்கே காலேஜுக்கு வந்தவங்க என்னை வேணாம்னுட்டாங்கம்மா. மொத்த கிளாஸையும் கூப்பிட்டு மூணு பேர எடுத்தாங்க, அதுல நான் இல்ல. போன் கூட பண்ணல. இப்ப ஆள் கிடைக்கலன்னு இவங்க கூப்பிடுறாங்க. இருபத்தெட்டு வயசுல போய் காலேஜ் பசங்களோட நின்னு, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு காட்டிக்கணுமா?" என்றாய். அம்மா, "உனக்கு ஆசை இருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றாள். நீ இன்னொரு பிடி பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தாய். பிறகு, "ஆசை இருந்து என்னம்மா பண்றது, நான் அதுக்கு லாயக்கில்ல" என்றாய். என் கட்டில் மறுபடி தரைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை அது இறங்கவில்லை.

நீ லாயக்கு என்பதை முதலில் கண்ணால் பார்த்தவன் நான்தான். நீ எம்.எஸ்ஸி. ஜியாலஜி சேர்ந்த புதிதில் நாம் மூவரும் திருநீர்மலை ஏறினோம், ஞாபகம் இருக்கிறதா? பாதிப் படியில் உட்கார்ந்து பாறையைத் தடவிக்கொண்டு, இது பூமிக்கு அடியில் மைல் கணக்கான ஆழத்தில் வெந்து, மேலே வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்ட கல் என்றாய். அம்மா, "மொதல்ல அர்ச்சனைத் தட்டப் புடி, கல்ல அப்புறம் தடவலாம்" என்றாள். "பெருமாளே இதுமேலதானம்மா படுத்திருக்காரு" என்றாய் நீ. நான் சிரித்துவிட்டு மேலே ஏறிவிட்டேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பெரிதாக எடுத்துக்கொண்டது கூடுவாஞ்சேரி லேஅவுட்டில் அந்த ரிடையர்டு வாத்தியார் மனையில் போர் போட்ட அன்றைக்கு.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி வந்திருந்தது. எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, காலையில் ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் இருநூறு அடி தாண்டியும் வெறும் சாம்பல் நிறப் புகைதான் வந்துகொண்டிருந்தது. அறுநூறு அடி வரை போய்விடலாம் என்று எல்லாரும் வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஆழம் போகப் போக எனக்கு நீளப் பைப், பெரிய மோட்டார், கூடுதல் கேபிள். நீ சாப்பாட்டு கேரியரைக் கொடுக்க வந்தவள், போர்க்காரர் பத்து அடிக்கு ஒன்றாக வரிசையாக வைத்திருந்த மண் குவியல்களின் பக்கத்தில் குந்திவிட்டாய். ஒவ்வொன்றாகக் கிள்ளி, தண்ணீரில் அலசி, ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாய். போர்க்காரர் பதறிப்போய், "ஏனுங்க, உங்க பாப்பா மண்ணத் திங்குதுங்க" என்றார். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அங்கிள், இந்த ரெண்டு குவியல்ல மட்டும் கல்லு துரு புடிச்சிருக்கு பாருங்க. இங்க தண்ணி ஓடியிருக்கு. இதுக்குக் கீழ எல்லாம் சுத்தமான கல்லு, பிளவே இல்ல. வண்டிய நிறுத்திட்டு நாளைக்கு வந்து பாருங்க, இந்த அளவுல தண்ணி ஊறி நிக்கும்" என்று வாத்தியாரிடம் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வண்டி நின்றது. மறுநாள் தண்ணீர் நின்றது.

திரும்பி வரும்போது வண்டியில் நான் உர்ரென்று இருந்தேன். "வந்த கஸ்டமர பாதியில அனுப்பிட்டியேம்மா" என்றேன். "அவருக்குத் தண்ணி வந்தா பத்து பேர அனுப்புவாருப்பா" என்றாய். பத்துப் பேரை அனுப்பவில்லை, நாலு பேரை அனுப்பினார். ஆனால் அன்று ராத்திரி உன் அம்மாவிடம், "நம்ம பொண்ணு மண்ணைப் படிக்கிறா" என்று சொன்னேன். அவ்வளவு பெருமை எனக்குக் கடையைத் திறந்த நாளில்கூட இருந்ததில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

இப்போது அந்த விஷயம். உன் படிப்பு முடியும் சமயத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் எடுக்கிற கம்பெனி ஒன்று கல்லூரிக்கு வந்து பேட்டி எடுத்தது. அப்புறம் கொரோனா வந்து எல்லாம் மூடிவிட்டது. முடிவு தெரியாமல் நீ வீட்டில் இருந்தாய். கடைகளைப் பாதி நேரம் திறக்கலாம் என்று விட்ட மாதத்தில், ஒரு காலை பதினொரு மணிக்குக் கடை நம்பருக்கு ஒரு பெண் பேசினாள். "சங்கரி மேடம் இருக்காங்களா சார்? அவங்க நம்பர் போகவே இல்ல" என்றாள். நீ சிம் மாற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது. விண்ணப்பத்தில் பழைய நம்பரும், அதற்குக் கீழே மாற்று நம்பராகக் கடை நம்பரும் கொடுத்திருந்தாய். அப்பா பேசுகிறேன் என்றேன். "கங்கிராஜுலேஷன்ஸ் சார். மூணு பேர்தான் எடுக்கிறோம், அதுல உங்க டாட்டர்தான் ஃபர்ஸ்ட். பத்து நாள்ல காக்கிநாடால ஜாயின் பண்ணணும், இ-பாஸ் எல்லாம் நாங்க வாங்கிக் குடுத்துடுவோம். இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணும், மெயில் அனுப்பட்டுமா?" என்றாள். நான், "வேணாம்மா. அவ வேற வேலைக்குப் போயிட்டா. அடுத்த ஆளக் கூப்பிட்டுக்கோங்க" என்றேன். வைத்துவிட்டேன். அடுத்த நிமிஷம் ஒருவருக்கு முக்கால் இஞ்ச் பைப் எல்போ இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மாதம் நீ மூன்று முறை கேட்டாய், "கடை நம்பருக்கு ஏதாச்சும் போன் வந்துச்சாப்பா?" என்று. மூன்று முறையும் இல்லையே என்றேன். மூன்றாவது முறை நீ தலையை ஆட்டிவிட்டு, உன் பாறைத் துண்டுகளை எல்லாம் ஒரு ஷூ டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தாய். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அடுத்த மாதம் சிறுசேரியில் பேங்க் வேலைக்குப் போனாய். ஐந்து வருஷமாக உன்னை வேண்டாம் என்றவர்கள் அவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர்கள் உன்னை முதல் ஆளாக எடுத்தார்கள், சங்கரி. வேண்டாம் என்றவன் நான்.

ஏன் என்று கேட்பாய். எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு விற்கிறவனே மேலே காசு கொடுக்கிறான் என்று டிவியில் சொன்ன வருஷம் அது. என் அனுபவத்தில் அப்படி ஒரு சரக்கை நான் பார்த்ததே இல்லை. இந்தத் தொழில் முடிந்தது, இதில் போய் என் பெண் மாட்டக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன். வேண்டாத லாரியைத் திருப்பி அனுப்புகிற மாதிரி அந்தப் போனைத் திருப்பி அனுப்பினேன். பெண் பிள்ளை என்று தடுத்ததாக நினைக்காதே. பையனாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். உன்னைச் சரக்காக நினைத்தேன், அது அதைவிட மோசம். இதில் வெட்கப்படவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மனை விலை செத்துக் கிடந்த காலத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கடையை எல்லாரும் சிரிக்கச் சிரிக்க வாடகைக்குப் பிடித்துத்தான் நான் மேலே வந்தேன். விழுந்து கிடப்பது எழும் என்று என் விஷயத்தில் நம்பினேன். உன் விஷயத்தில் நம்பவில்லை. சாயங்காலம் ஆனால் நீ வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசையும் அதற்குள் ஒளிந்துகொண்டு இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சேலையூரில் வீடு கட்டுகிற ஒருவர் மோட்டார் வாங்க வந்தார். கடலில் எண்ணெய் தோண்டுகிற ரிக்கில் இருபத்தெட்டு நாள், வீட்டில் இருபத்தெட்டு நாள் என்று இருக்கிற இன்ஜினியர். விலை விசாரிக்கிற மாதிரி அவரிடம் விசாரித்தேன். "பொண்ணு ஜியாலஜி சார். உங்க லைன்ல வருமானம் எப்படி?" என்றேன். எந்த வருஷம் முடித்தாள் என்று கேட்டார். சொன்னேன். "அந்த வருஷம் உள்ள வந்தவங்க ரொம்ப கம்மிண்ணா. நாங்களே பாதிச் சம்பளத்துல உக்காந்துகினு இருந்தோம். ஆனா அப்ப பல்லக் கடிச்சுகினு நின்ன பசங்க இன்னிக்கி எங்க தல மேல கீறாங்க. நடுவுல ஆளே இல்ல, அதான்" என்றார். பில் புத்தகத்தை எடுத்தேன். அவர் கேட்காமலே விலையைக் குறைத்துப் போட்டேன். "இன்னாண்ணா, நான் பேரமே பேசலியே" என்றார்.

ஆனாலும் அந்த வேலையை உனக்கு விற்க வரவில்லை. அவரிடமும், அவர் சொல்லி இன்னும் இரண்டு பேரிடமும் கேட்டதை உள்ளபடி சொல்கிறேன். பெட்ரோலியம் இன்ஜினியரிங் படித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் அதிகம், இடங்கள் குறைவு. பாதிப் பேர் உன்னை மாதிரி ஓ.எம்.ஆர். கம்ப்யூட்டர் ஆபீஸ் பக்கம்தான் போகிறார்கள். உனக்கு வந்திருக்கிற சம்பளம் நீ இப்போது பேங்கில் வாங்குவதைவிடக் குறைவு. கிணற்றடியில் இருக்கிற நாளுக்குத் தனியாகத் தினப்படி தருவார்கள், அது சேர்ந்தால்தான் பெரிதாகத் தெரியும். அதை முப்பதால் பெருக்கிப் பார்க்காதே. வீட்டில் இருக்கிற நாளுக்கு அது உண்டா இல்லையா என்று எழுத்தில் கேள். நிலையாக வருகிற சம்பளத்தில் குடும்பம் நடக்கவேண்டும், படியை நம்பி வீட்டுக் கடன் வாங்கக்கூடாது. எண்ணெய் விலை நன்றாக இருந்தால் ஆளைத் தேடித் தேடி எடுப்பார்கள். விழுந்தால் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அனுப்புவார்கள். சேலையூர்க்காரர் இரண்டு தடவை அப்படி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு தடவையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். உனக்கும் அது நடக்கும் என்றே வைத்துக்கொள். ஒரு வருஷச் செலவைத் தொடாமல் தனியே வை.

நம் கடைக்கு எதிரே மின்சார ஸ்கூட்டர் விற்கிறான். தினம் பத்து மணிக்கு அங்கே நிற்கிற கூட்டத்தைப் பார்க்கும்போது, எண்ணெய் இன்னும் எத்தனை காலம் என்று எனக்கும் தோன்றுகிறது. அதையும் கேட்டேன். எண்ணெய் குறைந்தாலும் பூமிக்குள் பார்க்கத் தெரிந்தவனுக்கு வேலை குறையாது என்கிறார்கள். தண்ணீருக்கு அவன் வேண்டும், அடியில் இருக்கிற சூட்டை எடுக்கவும் அவன் வேண்டும், ஆலைப் புகையைப் பாறைக்குள் இறக்கி வைப்பதற்கும் வேண்டுமாம். புகையைப் பூமிக்குள் பூட்டி வைப்பது என்றதும் எனக்கு அது கதையில் வருகிற மாதிரி இருந்தது. அதனால் போவதானால் படிக்காசுக்காகப் போகாதே, கற்றுக்கொள்ளப் போ. இரண்டு வருஷம் கிணற்றடியில் நில். பிறகு பூமியின் உள்படம் போடுகிற ஆபீஸ் பக்கம் மாற்றிக் கேள். நாற்பதுக்கு மேல் உடம்பு ரிக்குக்குப் போகிற ஹெலிகாப்டரையும் ஷிப்டையும் தாங்காது என்று அங்கே இருக்கிறவர்களே சொல்கிறார்கள். காலேஜ் பசங்களோடு நிற்கவேண்டியிருக்கும், அதுவும் உண்மைதான். நான் கடை வைத்தபோது என்னைவிடப் பத்து வயது சின்னவனிடம்தான் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டேன். இரண்டு மாதம் கூச்சமாக இருந்தது, பிறகு மறந்துவிட்டது.

நேற்று கண்ணைக் காட்டிவிட்டு வரும்போது, ஆட்டோவைக் கோவளம் பக்கம் விடச் சொன்னேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் கழற்றலாம் என்றிருந்தார். கழற்றினேன். சங்கரி, நீலம் இவ்வளவு நீலமாக இருக்கும் என்பதை நான் எத்தனையோ வருஷமாக மறந்திருக்கிறேன். புரை படிந்தது தெரியாமல், உலகமே டீ நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். படகுகள், வலை, ஐஸ் பெட்டி எல்லாமே இப்போதுதான் கழுவி வைத்த மாதிரி இருந்தன. நான் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு மீன் விற்கிற அம்மா, "இன்னா சார், மீன் வாங்க வந்தியா, கடல வாங்க வந்தியா?" என்றாள். வடக்கே, காக்கிநாடா பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், இதே தண்ணீரில் இரும்பால் ஒரு தீவு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் ராப்பகலாக விளக்கு எரிகிறது. அடியிலிருந்து மண் மேலே வந்துகொண்டே இருக்கிறது, யாரும் பார்த்திராத மண். அதை முதலில் வாங்கிப் பார்க்கிற கை உன்னுடையது. நீ அலசுகிறாய், லென்ஸை வைக்கிறாய், நாக்கிலும் வைத்துப் பார்க்கிறாய். சுற்றி நிற்கிறவர்கள் நீ வாயைத் திறந்து சொல்வதற்காகக் காத்திருக்கிறார்கள்.

அங்கேயே மணலில் வைத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அஞ்சு வருஷமா அவ மொகத்தப் பாத்துகினு எப்டி சோறு துன்ன?" என்று கேட்டாள். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவகிட்ட சொல்லு. வாய் வரலன்னா எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள். அதற்குப் பிறகு இதுவரை என்னிடம் பேசவில்லை. தட்டை மட்டும் வைக்கிறாள்.

நீ போ என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. பேங்கிலேயே இருந்தாலும் அது நல்ல வேலைதான், நாலு பேர் பொறாமைப்படுகிற வேலை. ஆனால் அன்றைக்கே தோற்றுவிட்டோம் என்ற கணக்கில் மட்டும் பதில் எழுதாதே. அந்தக் கணக்கு பொய், அதைப் போட்டவன் நான். உனக்கு என்மேல் கோபம் வரும், வரவேண்டும். அந்தக் கோபத்தில் அவசரமாக வேண்டாம் என்றோ, என்னைப் பழிவாங்க சரி என்றோ எழுதிவிடாதே. கோபத்தை என்னிடம் கொண்டுவா, பதிலைத் தனியாக வை. வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் பைப் வாங்க வருவார்கள் என்று, கடை திறந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூட நானாக ஷட்டரை இறக்கியதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்கிற பையனையும் இந்த ஞாயிறு திறக்கவிடமாட்டேன். ஹாலில்தான் இருப்பேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நீ என்ன கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், எழுந்து போகமாட்டேன். திங்கட்கிழமை நீ அவர்களுக்கு என்ன எழுதினாய் என்று நானாகக் கேட்கவும் மாட்டேன்.

உன் அப்பா